ஒரு ஈத்து போட்டுவிட்டால் நோய் வராதா?

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் பெட்டை நாய் வளர்ப்பவர்களிடம் கருத்தடை ஆபரேஷன் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஒரு ஈத்து குட்டி போடட்டுங்க. போட்டுட்டா கர்ப்பப்பை சுத்தமாயிடும், அப்புறம் ஒரு நோவும் வராது." கழனியில் மோட்டார் கொட்டகையைக் காக்கும் நாட்டு நாய்க்கும் இதையே சொல்கிறார்கள், வீட்டு வாசலில் கட்டியிருக்கும் ராஜபாளையத்துக்கும் இதையே சொல்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் இந்த நம்பிக்கையால் நாய்கள் சாகின்றன.

கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயைக் கால்நடை மருத்துவர்கள் பயோமெட்ரா என்பார்கள். நாயின் உடல் ஒவ்வொரு பருவமும் முடிந்த பிறகு, இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் சினைக்கான ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். புரோஜெஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது, சுரப்பிகளில் நீர் ஊற வைக்கிறது, கர்ப்பப்பை வாயை மூட வைக்கிறது. கிருமியை எதிர்க்கும் சக்தியும் அந்த இடத்தில் குறைந்துவிடுகிறது. பருவத்தின்போது வாய் திறந்திருந்த வேளையில் உள்ளே போன கிருமி, பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை, அங்கே பெருகிச் சீழாகிறது. மனுஷிக்கு மாதவிடாய் ஒரு வயதில் நின்றுவிடும். நாய்க்கு அப்படி நிற்பதில்லை. கிழடான பிறகும் பருவம் வரும், ஒவ்வொரு முறையும் சுவர் இன்னும் கெட்டுப்போகும்.

இதை வைத்துப் பார்த்தால் ஒரு ஈத்து எதைத் தடுக்கும்? குட்டி போட்ட நாய்களுக்கு ஆபத்து ஓரளவு குறைவு என்று சில ஆய்வுகள் காட்டுவது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைவது வேறு, வராது என்பது வேறு. குட்டி போட்ட பிறகும் பருவம் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஸ்வீடனில் கருத்தடை செய்யாமல் நாய் வளர்ப்பதே வழக்கமாக இருந்தது. அங்கே காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2001-இல் வெளியான ஆய்வில், 10 வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இந்த நோய் வந்திருந்தது.

"தெரு நாய்க்கெல்லாம் வருதா என்ன?" என்று கேட்பார்கள். வருகிறது. கரும்புத் தோட்டத்து ஓரம் நாலு நாள் சோறு தின்னாமல் படுத்திருந்து செத்த நாயின் வயிற்றை யார் அறுத்துப் பார்த்தார்கள்?

பின்புறம் ஒழுகுவதைத் தீட்டு என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. நாய்க்கு ரத்தம் வருவது பருவம் தொடங்கும்போது. மார்கழியில் பருவம் முடிந்த நாய்க்கு மாசியில் சீழோ, நாற்றமடிக்கும் சிவந்த நீரோ வந்தால் அது நோய். இதைவிட மோசம், எதுவுமே ஒழுகாத வகை. கர்ப்பப்பை வாய் இறுக மூடிக்கொள்வதால் சீழ் உள்ளேயே தேங்கி வயிறு உப்பும். வீட்டில் இருப்பவர்கள் சினை என்று நினைத்துப் பால்சோறு வைப்பார்கள். ஆனால் அந்த நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் மூத்திரம் போகும், வாந்தி எடுக்கும், சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கியதன் அடையாளம் அந்தத் தாகம். கர்ப்பப்பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷனுக்குப் பதில் பருவத்தை நிறுத்தும் ஊசி போடலாம் என்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. அந்த ஊசியில் இருப்பது புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. எந்த ஹார்மோன் நோய்க்கு வழி செய்கிறதோ அதையே வெளியிலிருந்து ஏற்றுகிறோம். ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் போதும் என்பதும் சரியல்ல. சீழ் நிறைந்த பையை மாத்திரை காலி செய்யாது. சீழை வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவர் கண்காணிப்பில் சில நாய்களுக்குத்தான் கொடுக்க முடியும், அடுத்த பருவத்தில் நோய் திரும்பவும் கூடும். உறுதியான சிகிச்சை கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவதுதான். கருத்தடையில் செய்வதும் அதையேதான். ஒரே வித்தியாசம், அது திடமான நாய்க்கு நடக்கிறது. இது சாகக் கிடக்கும் நாய்க்கு.

கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும் என்ற பயம் வேண்டாம்; கர்ப்பப்பையில் இல்லை காவல். உடம்பு போடும் என்பது உண்மை, சோற்றைக் குறைத்தால் சரியாகும். பெரிய சாதி நாயானால் வளர்ந்து முடிந்த பிறகு செய்யலாம், எந்த வயதில் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2023-இன் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி வளர்ப்பு நாய்க்கு வளர்ப்பவரே பொறுப்பு. தெரு நாய்க்கு உள்ளாட்சி, அதாவது நம் ஊரில் கொம்யூன் பஞ்சாயத்து. பஞ்சாயத்தைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்போம். பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் உங்கள் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோற்றை ஒதுக்கினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கோ, குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள், பருவம் வந்த தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள்.