உயர்த்தினால் ஓஃப்றோட்டா?

பின் ஷொக்கை மாற்றி பைக்கை நாலு விரல் உயர்த்திவிட்டால் அது ஓஃப்றோட் பைக் ஆகிவிடும் என்று எங்கட பெடியளுக்கு யார் சொன்னது? யார் சொன்னதெண்டு தெரியும். யூடியூப் சொன்னது, டிக்டொக் சொன்னது, ஷொக் விக்கிற கடைக்காரர் சொன்னார். மூன்று பேருக்கும் இதில் வருமானம் இருக்கு. ஓடப்போகிறவருக்கு மட்டும் செலவு.

பைக்கில் கை வைக்காதீங்கோ என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஊரில் ஏற்கெனவே நிறையப் பெரியாக்கள் இருக்கினம். தாராளமாகக் கை வையுங்கோ. ஆனால் கையில் கொஞ்சக் காசோடு முதல்முறையாக சஸ்பென்ஷனில் வேலை செய்யப் போகிற ஒருவர் தொடவேண்டிய கடைசி விஷயம்தான் உயரம். எங்கட பக்கத்தில் எல்லாரும் அதைத்தான் முதலாவதாகத் தொடுகிறார்கள். என் சண்டை அதோடுதான்.

ஓஃப்றோட் என்ற சொல்லையே முதலில் எங்கட இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாங்கள் பார்க்கிற வீடியோக்களில் அது வார இறுதி விளையாட்டு. பைக்கை ட்ரக்கில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய், சேறு பூசி, திரும்பக் கொண்டுவந்து கழுவி வைப்பார்கள். வன்னியில் ஏ9இல் இருந்து இறங்கி உள்ளுக்குப் போனால் கிரவல் றோட்டு. அதில் இருந்து பிரிந்தால் குளக்கட்டு. அதுவும் முடிந்தால் வயல் வரம்பு. கோடையில் புழுதி, மாரியில் களி. அங்கே யாரும் சேற்றைத் தேடிப் போவதில்லை, வீட்டுக்குப் போகிற வழியே சேறுதான். அதே பைக்கில் விடிய அப்பா வயலுக்குப் போவார், பிறகு தங்கச்சி ரியூசனுக்குப் போவாள், பின்னேரம் பின் சீற்றில் 50 கிலோ உர மூட்டை வரும், ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏறுவா. ஒரு வீட்டுக்கு ஒரு பைக். அதன் சீற்றை இரண்டு அங்குலம் உயர்த்தினால் அப்பாவின் கால் நிலத்தில் முட்டாது. களிக்குள் நின்றுபோன பைக்கில் கால் முட்டாதவர் விழுவார். வீடியோ எடுக்கிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவருடைய பைக்கை அவர் மட்டும்தான் ஓடுகிறார்.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருடம். அதற்குள் 2022 வந்துபோனது, ரூபாய் விழுந்தது, பழைய பைக்கின் விலை புதுப் பைக்கின் விலைக்கு மேலே போனது. ஆகவே எங்களில் பலர் ஓடுவது பத்துப் பன்னிரண்டு வருடப் பைக். அதில் இருப்பது தொழிற்சாலை பூட்டிவிட்ட ஷொக் இல்லை, அதன் ஆவி. ஒயில் கசிந்து, புஷ் தேய்ந்து, ஸ்பிரிங் படுத்துப்போன ஒன்று. இந்த நிலையில் "என்ர பைக்கின்ர சஸ்பென்ஷன் ஓஃப்றோட்டுக்குக் காணாது" என்று முடிவெடுப்பது, மூன்று நாள் பட்டினி கிடந்தவனைப் பார்த்து இவனுக்குப் பலம் காணாது என்று சொல்வதுபோல.

இனி உயரத்துக்கு வருவம். ஒரு சில்லு மேலும் கீழும் எவ்வளவு அசையலாம் என்பது ஒரு கணக்கு. பைக்கின் வயிறு நிலத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வேறு கணக்கு. பள்ளத்தை விழுங்குவது முதலாவது. இரண்டாவது கல்லில் முட்டாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். எங்கட சாதாரண 100, 150 சிசி பைக்குகளில் முன்சில்லு ஏறக்குறைய 120 முதல் 135 மில்லிமீட்டர் அசையும், பின்சில்லு 100 சொச்சம். இந்தியாவில் 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200ஐப் பாருங்கோ: முன்னுக்கு 190, பின்னுக்கு 170. அந்த எண்களுக்காக அதன் சேசி, ஸ்விங் ஆம், போர்க் எல்லாவற்றையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்கள். நாங்கள் பின் ஷொக்குக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டைப் பூட்டி உயர்த்தும்போது அசைவு ஒரு மில்லிமீட்டரும் கூடுவதில்லை. அதே 100 சொச்சம், கொஞ்சம் மேலே இருந்து.

கூடாதது மட்டுமில்லை, குறைவதும் இருக்கிறது. இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் 1300 மில்லிமீட்டர் இருக்கிற பைக்கின் பின்பக்கத்தை 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் முழுப் பைக்கும் முன்னால் கிட்டத்தட்ட 1.8 பாகை சரியும். போர்க்கின் சாய்வு அவ்வளவுக்கு நிமிரும். சிறிய எண் மாதிரித் தெரியும், ஆனால் ஹாண்டில் தானாக நேராக வருகிற குணம் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. மணல்காட்டுப் பக்கம் மணலில் பைக் ஓடியவர்களுக்குத் தெரியும், மணலில் முன்சில்லு எந்தப் பக்கமும் இழுக்கப் பார்க்கும். நேராக வரத் தெரிந்த ஹாண்டில்தான் அங்கே துணை. அதைத்தான் காசு கொடுத்துக் குறைக்கிறோம்.

என் பச்சில் ஒருவர் ஒரு கராஜில் வேறு பைக்கின் நீள ஷொக் இரண்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். பார்க்க வடிவுதான். ஒரு கிழமைக்குள் செயின் ஸ்விங் ஆமில் உரசத் தொடங்கியது. சைட் ஸ்ராண்ட் கட்டையாகிப்போனதால் கன்ரீன் வாசலில் பைக் இரண்டுதரம் விழுந்தது. கராஜ்காரர் சொன்ன பதில், "தம்பி, ஓஃப்றோட் பைக் எண்டா அப்பிடித்தான் இருக்கும்." ஸ்ராண்டை வெட்டி ஒட்ட இன்னொரு பில். முன்பக்கத்தை உயர்த்தியிருந்தால் பிறேக் ஹோஸும் இழுபட்டிருக்கும்.

"அப்ப கல்லு அடியில முட்டினா?" என்று கேட்பீங்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு தகடு. ஊரில் வெல்டிங் கடை இல்லாத சந்தி இருக்கா?

ஸ்பிரிங் பற்றிப் பரவியிருக்கிற இரண்டு கதைகளையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். முதலாவது, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் மெதுவாகும் என்பது. நேர் எதிர். சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். பத்துச் சுற்றில் இரண்டை வெட்டினால் கால்வாசி இறுக்கம் கூடும், நீளமும் போய்விடும். இரண்டாவது, போர்க்குக்குள் பிவிசி பைப் துண்டு ஒன்றை வைத்தால் ஸ்பிரிங் பலமாகும் என்பது. ஆகாது. பைப் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, பைக் நிற்கிற உயரம் மாறுகிறது, ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். பின் ஷொக்கில் படிபடியாக இருக்கிற வளையத்தைத் திருப்பும்போது நடப்பதும் இதுதான். அது பிழையான வேலை இல்லை, மிகவும் பிரயோசனமான வேலை. ஆனால் என்ன செய்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

அந்த வளையத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்கிறேன். செலவு ஒரு தையல் ரேப். ஆக்கள் மூன்று பேர். பைக்கை நடு ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லைத் தொங்கவிட்டு, அச்சில் இருந்து நேர் மேலே சீற்றுக்குக் கீழே ஒரு புள்ளி வரைக்கும் அளந்து எழுதுங்கோ. பிறகு பைக்கை இறக்கி, நீங்கள் வழமையாக ஓடுகிற உடுப்பு, பையோடு ஏறி இருங்கோ. ஒருவர் முன்னால் பிடிக்க, மற்றவர் அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் அளக்கட்டும். அளக்க முதல் சீற்றை ஒருக்கால் அமுக்கி மெல்ல விட வேண்டும், இல்லாவிட்டால் உரசல் பொய் சொல்லும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுடைய பாரத்தில் பைக் எவ்வளவு இருக்கிறது என்பது. பொதுவான கணக்கு, மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு. 110 மில்லிமீட்டர் அசைவென்றால் 35க்குக் கிட்ட. அதைவிட அதிகம் இருந்தால் வளையத்தை ஏற்றுங்கோ, குறைய இருந்தால் இறக்குங்கோ.

இப்ப அம்மாவை ஏற்றி, அல்லது மூட்டையை வைத்து, அதையே திரும்ப அளவுங்கோ. இதைத்தான் எந்த வீடியோவிலும் காட்டமாட்டார்கள். 75 இருந்தால், பள்ளத்துக்கு மிச்சம் 35தான். கிரவல் றோட்டில் பின்னால் டக் டக் என்று அடிக்கிற சத்தம் அங்கேயிருந்துதான் வருகிறது. மூட்டை ஏற்றுகிற நாளுக்கு ஒரு படி, தனிய ஓடுகிற நாளுக்கு ஒரு படி. இரண்டையும் ஷொக்கில் பெயின்ற்றால் குறித்துவிட்டால் அப்பாவும் திருப்பலாம், தங்கச்சியும் திருப்பலாம். கடைசிப் படியில் வைத்தும் நீங்கள் தனிய ஏற, அசைவில் பாதிக்கு மேல் போகிறதென்றால் ஸ்பிரிங் செத்துவிட்டது. அப்ப வாங்குங்கோ. அதுவும் முதலில் கம்பனி அளவிலேயே ஒரு சோடி.

முன்பக்கத்துக்கு இதைவிடச் சுகமான வேலை இருக்கு. போர்க்கின் மினுங்குகிற குழாயில் ஒரு கேபிள் ரை கட்டி, கீழே சீல்வரைக்கும் தள்ளிவிட்டு, வழமையாகப் போகிற மோசமான றோட்டில் ஒருக்கால் போய் வாருங்கோ. கேபிள் ரை எங்கே நிற்கிறதோ அவ்வளவுதான் போர்க் அமுங்கியிருக்கு. பாதிக்கும் போகவில்லையென்றால் இறுக்கம் கூட. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடிவரை போகிறதென்றால் ஒயில் இல்லை, அல்லது ஸ்பிரிங் இல்லை. ஐந்து ரூபாய்ச் சாமான் சொல்கிற உண்மையை எந்தக் கராஜும் உங்களுக்குச் சொல்லாது.

ஒயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "20 டபிள்யூ போடுங்கோ, போர்க் நல்லா நிக்கும்" என்பார்கள். எங்கட பைக்குகளின் போர்க்குக்குள் இருப்பது துளை போட்ட ஒரு குழாய்தான், ஒயில் அந்தத் துளையால் போய் வரும். சில்லு எவ்வளவு வேகமாக அடிபடுகிறதோ, துளை அதைவிடப் பல மடங்கு எதிர்க்கும், இரண்டு மடங்கு வேகத்துக்கு நாலு மடங்கு. தடித்த ஒயில் ஊற்றி, அலை அலையாக இருக்கிற கிரவலில் ஓடிப் பாருங்கோ, மணிக்கட்டு சொல்லும். பைக் கம்பனி சொன்ன தடிப்பில் புது ஒயில், புது சீல். அடிவரை போகிறது என்றால் மட்டத்தை 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அளவு மீறினால் சீல் வெடிக்கும்.

காசைப் பிரிப்பது பற்றி. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாயில் எழுதிப் பிரயோசனமில்லை, பங்காகச் சொல்கிறேன். பாதி டயருக்கு. பட்டன் பெருத்த, றோட்டிலும் ஓடக்கூடிய டயர் இரண்டு, களியில் வேறு எந்தச் சாமானும் செய்யாத வேலையைச் செய்யும். (காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்பது உண்மை. ரியூப் டயரில் அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் ரியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும் என்பதும் உண்மை.) கால்வாசி, யாருக்கும் தெரியாத சாமான்களுக்கு: கோன்செட், ஸ்விங் ஆம் புஷ், போர்க் சீல், ஒயில். முன்சில்லைத் தூக்கி, போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கோ. கொட் என்று ஒரு அசைவு தெரிந்தால் எந்த ஷொக் பூட்டியும் பலனில்லை. மிச்சக் கால்வாசியைத் தொடாதீங்கோ. இரண்டு மாதம் ஓடி, அளந்ததை எழுதி, அதற்குப் பிறகு எதற்கு அது தேவை என்று பைக்கே சொல்லும்.

"ஸ்ரைலா இருக்கிறதில என்ன பிழை?" என்று ஒரு தம்பி கேட்டார். ஒரு பிழையும் இல்லை. வேலையில்லாத, லீசிங் கட்டுகிற ஒரு இளைஞனுக்குத் தன்னுடையது என்று சொல்ல இருப்பது அந்த பைக் மட்டும்தான் என்றால், அதை அவர் வடிவாக வைக்கட்டும். ஸ்ரிக்கர் ஒட்டட்டும், பெயின்ற் அடிக்கட்டும். ஆனால் வடிவைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறவரோடு எனக்குக் கோபம். இன்னொன்று, 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் பஸ், ஓட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்ததைப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் அவர்கள் மறிப்பார்கள். புது புஷ்ஷுக்கு யாரும் ரிக்கற் எழுதுவதில்லை.

"கலைப்பீடத்துக்கு ஏன் ஸ்பிரிங்?" என்று இன்னொருவர். கேள்வியே பிரச்சினையைச் சொல்கிறது. இந்த அறிவு சிலரின் சொத்து, மற்றவர்கள் காசு கொடுத்துத் தலையாட்ட வேண்டும் என்ற பழக்கம் எங்களிடம் இருக்கு. கராஜில் "இதில என்ன மாத்தினீங்கள்?" என்று கேட்டால் அண்ணை முகத்தைச் சுளிப்பார். கேட்கிறது பொம்பிளைப் பிள்ளையென்றால் அவளைப் பார்க்காமல் பின்னால் நிற்கிற தம்பிக்குப் பதில் சொல்வார். மேலே சொன்னதில் ரேப் பிடிக்கத் தெரியாத ஒருவருக்கு விளங்காத ஒரு வரி இருக்கா?

ஆகவே புது ஷொக்கே வேண்டும் என்று உங்களுடைய அளவுகள் சொன்னால், கொப்பியோடு கடைக்குப் போங்கோ. பழைய ஷொக்கின் மேல் கண்ணில் இருந்து கீழ்க் கண் வரைக்கும் உள்ள நீளத்தை எழுதிக்கொண்டு போங்கோ. புதியது அதைவிட 10 மில்லிமீட்டருக்கு மேல் நீளமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கோ. பூட்டி முடிய, வெளிக்கிட முதல், கடை வாசலிலேயே ஏறி இருந்து அளவுங்கோ. செயினில் தளர்வு இருக்கா, ஸ்ராண்டில் பைக் நிற்குதா என்று பாருங்கோ. கழற்றிய பழைய சோடியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கோ, கடையில் விட்டுவிட்டு வராதீங்கோ.