கைத்தொலைபேசிக்குள் ஓர் உலோகம்



திருக்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயர் ‘அல்ஹதீத்’. அதன் பொருள் இரும்பு. இரும்பில் மனிதர்களுக்குப் பயன்கள் இருப்பதாக அல்லாஹ் அதில் நினைவூட்டுகின்றான். இரும்பைப் போலப் பூமிக்குள் அவன் வைத்துள்ள இன்னோர் உலோகத்தைப் பற்றி இம்மாதம் பார்ப்போம். அதன் பெயர் தந்தாலம்.

சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் எக்கபேர்க் 1802இல் இதனைக் கண்டறிந்தார். இரும்பு 1538 பாகை செல்சியஸில் உருகிவிடும். தந்தாலம் உருகுவதற்கு 3017 பாகை வேண்டும். அதனாலேயே 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மின்குமிழ்களின் இழையாக இதனைப் பயன்படுத்தினார்கள். ஜெட் விமான இயந்திரங்களின் மிகவும் சூடேறும் பாகங்களுக்கான கலப்புலோகங்களிலும் இது சேர்க்கப்படுகின்றது.

காற்றுப் பட்டதும் இதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகின்றது. அதுவே இதன் கவசம். பெரும்பாலான அமிலங்களால் அதனை அரிக்க முடியாது. ஆகவே கடும் அமிலம் கையாளும் தொழிற்சாலைகளில் இதற்குத் தனி மதிப்புண்டு. உடலின் திரவங்களும் இதனைப் பாதிப்பதில்லை என்பதால், மண்டையோட்டுத் தகடாகவும் இடுப்பு மூட்டின் பாகமாகவும் வைத்தியர்கள் இதனை உள்ளே பொருத்துகின்றனர்.

அப்படலம் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே தந்தாலத் தூளைக் கொண்டு, அரிசிமணியளவில், மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிகளைச் செய்கிறார்கள். கணினியிலும் பல கைத்தொலைபேசிகளிலும் செவிப்புலன் கருவிகளிலும் இவை உள்ளன.

இனி, இது வரும் வழியைக் கவனியுங்கள். உலகின் தந்தாலத்தில் பெரும் பங்கு ஆபிரிக்காவின் கொங்கோவிலும் ருவாண்டாவிலும் தோண்டப்படுகின்றது. கிழக்குக் கொங்கோவில் ‘கொல்டான்’ எனும் கறுப்புத் தாதை ஏழைகள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டி, மூட்டை கட்டிச் சுமக்கின்றனர். குழிகள் இடிந்து பலர் மாண்டுள்ளனர். ஆயுதக் குழுக்கள் அதில் வரி பறித்துப் போர் நடத்தியதை ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2001இலேயே அறிக்கையிட்டது. அமெரிக்கா 2010இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அவ்வாறிருந்தும் 2024இல் ருபாயா எனும் பெரிய சுரங்கப் பகுதி ஓர் ஆயுதக் குழுவின் கைக்குப் போனது.

நம் வீட்டுத் தொலைபேசியிலுள்ள தந்தாலம் எந்தக் குழியிலிருந்து வந்ததென்று கடைக்காரருக்கும் தெரியாது. ஆகவே அதனை வாங்குவது ஹராம் என்று நான் கூற வரவில்லை. ஆனால் அனுபவித்த அருட்கொடைகள் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்பதை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம்.

தாய்மார்களே, பெருநாளைக்குப் புதிய தொலைபேசி வேண்டுமெனப் பிள்ளை அடம்பிடித்தால், இருப்பது வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். பற்றரியை மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் உழைக்கலாம். பழுதானதைக் குப்பையோடு எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். அதனைத் தோண்டிய கைகளைப் பற்றியும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வீண்விரயத்தை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.