"சளிக்கு ஒரு செட் குடுப்பா"

மெடிக்கல் ஷாப்பில் தினமும் கேட்கிற வசனம் இது. கடைக்காரரும் நாலு மாத்திரையை வெட்டி கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்ற கேள்வி மட்டும் வராது.

போன மழைக்காலத்தில் பெரியவர் ஒருவர் வந்தார். பல வருஷமா வீசிங். தியோஃபிலின் கலந்த மாத்திரை (டெரிஃபிலின்னு சொன்னா தெரியும்) தினமும் இரண்டு வேளை. சளிக்கு வாங்கிய செட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மூணாம் நாள் ஓயாத வாந்தி, கை நடுக்கம், படபடப்பு. எமர்ஜென்சியில் பார்த்தப்போ நாடித்துடிப்பு 150. வலிப்பு வர்றதுக்குள்ள கூட்டிட்டு வந்ததால பிழைச்சார்.

தியோஃபிலினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் என்சைம்கள். சிப்ரோ அவற்றில் முக்கியமானதை முடக்கிவிடும். சாப்பிடுவது அதே மாத்திரைதான், ரத்தத்தில் மட்டும் அளவு ஏறிக்கிட்டே போகும். எரித்ரோமைசினும் இதே ஆபத்துதான். ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் தாண்டினால் மருந்தே விஷம். போதாக்குறைக்கு காய்ச்சலும் அந்த வெளியேற்றத்தை மந்தமாக்கும். சளி பிடிச்சதேன்னு சிகரெட்டை நிறுத்தினாலும் அளவு ஏறும். (அதுக்காக மறுபடி பத்த வைக்காதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி டோஸைக் குறைங்க.)

இதில் வயிற்றெரிச்சல் என்னன்னா, சாதாரண சளி வைரஸால் வருவது. சிப்ரோ அதை ஒண்ணும் செய்யாது. தேவையே இல்லாத ஒரு மாத்திரைக்காக ஒரு உயிர் ஊசலாடியிருக்கு.

செட்டில் இருக்கும் மற்றதும் லேசுப்பட்டதில்லை. சால்பியூட்டமால் எடுப்பவருக்கு டெர்பியூட்டலின் கலந்த இருமல் சிரப் கொடுத்தால் ஒரே வகை மருந்து இரண்டு தடவை உள்ளே போகுது. டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சையே இறுக்கிவிடும்.

"டாக்டர் ஃபீஸ் கொடுக்க வழியில்லாமத்தானே கடைக்குப் போறோம்"னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா சிப்ரோவைச் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. அட்டையிலேயே அச்சடிச்சிருக்கு, அதுவும் இங்கிலீஷில், எறும்பு சைஸ் எழுத்தில். யாருக்காக?

எங்க ஆளுங்களையும் விட மாட்டேன். தியோஃபிலின் எழுதும்போது "இதோடு இதைச் சேர்க்காதீங்க"ன்னு சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? நோயாளியிடம் மருந்துப் பேரைக் கேட்டா "வெள்ளை மாத்திரை சார்" என்கிறார். அது அவர் தப்பா, நம்ம தப்பா?

வீசிங்குக்கு தினமும் மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தா, இன்னைக்கே அந்த அட்டையை போனில் போட்டோ எடுத்து வைங்க. கடைக்குப் போனா முதலில் அதைக் காட்டுங்க. சளி மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வாந்தி, நடுக்கம், படபடப்பு வந்தா அடுத்த வேளை தியோஃபிலின் மாத்திரையைப் போடாம, எல்லா அட்டையையும் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.