பள்ளியை நிறுத்துமுன் பிள்ளையைக் கேட்போம்

ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பிள்ளை தடுமாறத் தொடங்கியதும், "பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடமும் பெற்றோர் இதைக் கேட்கின்றனர். வீட்டுக் கல்வி தவறானதன்று. ஆயினும் காரணம் அறியாமல் எடுக்கும் முடிவு பிள்ளையின் சுமையை இடம் மாற்றுமேயன்றி இறக்கி வைக்காது.

தடுமாற்றத்திற்குக் காரணம் ஒன்றல்ல. கண்பார்வைக் குறை, சக மாணவரின் கேலி, கைப்பேசியில் கழியும் இரவு, மனச்சோர்வு என எதுவாகவும் இருக்கலாம். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்கு வீட்டுக் கல்வி மருந்தாகாது. எழுத்துகளைக் கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளையை நாம் சோம்பேறி என்று ஏசுகிறோம். ஆனால் கற்றல் குறைபாடு, 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஒன்று. முறையான மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர் முதலிய சலுகைகளைக் கோரலாம். வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், படிப்பைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்து உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அடுத்தது ஆலோசனை. பால்குடி மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்பிச் செய்யுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 233 ஆம் வசனம் வழிகாட்டுகிறது. கனவில் கண்ட கட்டளையை நிறைவேற்றுமுன் இப்ராஹீம் (அலை) தம் மகனின் கருத்தைக் கேட்டார்கள் என்பதை அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தின் 102 ஆம் வசனத்தில் ஓதுகிறோம். அவ்வளவு பெரிய சோதனையிலேயே மகனிடம் கேட்கப்பட்டதென்றால், பதினைந்து வயதுப் பிள்ளையின் படிப்பை அவனிடமோ அவளிடமோ கேளாமல் முடிவு செய்வது எவ்வாறு தகும்?

மூன்றாவது, வீட்டில் கற்பிப்பவர் யார்? வாப்பா வளைகுடாவில், உம்மாவின் கையிலோ வீட்டு வேலை முழுவதும் என்ற நிலையில் அன்றாடம் இரண்டு மூன்று மணி நேரம் உடன் அமர ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையெனில், மகன் சில மாதங்களில் கடையில் நிற்பான். மகள் அடுப்படியில் நிற்பாள். அதற்கு வீட்டுக் கல்வி என்று பெயரிடுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

ஒருவர் இருப்பின் வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்பிற்கு இணையான படிப்பில் சேரலாம். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள் உண்டு. எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. எனினும், அடுத்துச் சேர விரும்பும் கல்வி நிலையம் அச்சான்றிதழை ஏற்குமா என்பதை முன்னரே விசாரிப்பதும், புதிய பதிவு உறுதியாகும்வரை மாற்றுச் சான்றிதழ் வாங்காதிருப்பதும் நல்லது.

நம் மதரஸாக்களைப் பற்றியும் ஒரு சொல். "பள்ளிப் படிப்பு ஏறவில்லை, ஓதவாவது விடுவோம்" என்று பிள்ளையை ஹிஃப்ளு வகுப்பில் சேர்ப்போர் உளர். முப்பது ஜுஸ்உகளை மனனம் செய்யவும் அதே கவனமும் மனநிம்மதியும் வேண்டும். தோற்றதற்குத் தண்டனையாக ஓத வந்த பிள்ளை குர்ஆனையே தண்டனையாக எண்ணிவிடக்கூடும். மாணவரிடம் காட்டும் கடுமை அவர்களைப் பொய்க்கும் சூதுக்கும் பழக்கும் என்று இப்னு கல்தூன் 1377 இல் எழுதிய முகத்திமாவில் எச்சரித்தது பெற்றோருக்கும் நமக்கும் பொருந்தும்.

காரணம் தெரிந்து, பிள்ளையும் விரும்பி, கற்பிக்க ஒருவரும் இருந்தால் ஊரார் பேச்சுக்கு அஞ்சாமல் வீட்டுக் கல்வியைத் தொடங்கலாம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பிள்ளையுடன் அமர்ந்து அது பயன் தருகிறதா எனப் பார்க்கலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பள்ளியிலேயே வைத்து உதவி தேடுவதே பிள்ளைக்கு நாம் செய்யும் நீதி. இஸ்திகாரா தொழுது கேட்போம். அதற்குமுன் விசாரிக்க வேண்டியதை விசாரிப்போம். நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைகளின் காரியத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக. ஆமீன்.