செயினுக்கு டபிள்யூடி-40 அடிக்கலாமா?

பைக் வைத்திருக்கும் நாலு பேர் ஒன்று சேர்ந்தால், மைலேஜுக்கு அடுத்தபடியாகச் சண்டை வருவது இந்த விஷயத்தில்தான். "டபிள்யூடி-40 அடி மச்சி, செயின் புதுசு மாதிரி ஆயிடும்" என்பான் ஒருவன். "அடிச்சே, உள்ளே இருக்கிற ரப்பர் கரைஞ்சு போயிடும்" என்பான் இன்னொருவன். என்னைக் கேட்டால், ரெண்டு பேர் சொல்வதும் தப்பு.

முதலில் அந்த ரப்பர் எதற்கு என்று பார்ப்போம். சாதாரண செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நாம் விடுகிற ஆயில்தான் போயாக வேண்டும். ஓ-ரிங் செயினில் அந்த இடத்தில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி, தகடுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்து அடைத்துவிடுகிறார்கள். வளையம் போனால் கிரீஸ் வெளியே போகும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். மறுபடி கிரீஸ் நிரப்ப வழி கிடையாது. செயினையே மாற்ற வேண்டியதுதான். அதனால் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ரப்பர் என்றால் எல்லாம் ஒன்றில்லை. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். டிஸ்க் பிரேக் சீல்களில் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற ரப்பர் இருக்கும். அதற்கும் எண்ணெய் ஆகாது. செயின் வளையங்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். எண்ணெயைத் தாங்கும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தது. டபிள்யூடி-40-இல் பெரும்பகுதி மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தமான கரைப்பான். ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெயில் துடைக்கச் சொல்லும் மேனுவல்களே உண்டு. ஆக, ஒரு தடவை அடித்துத் துடைத்தால் வளையம் கரைந்துவிடாது.

"அப்போ அடிக்கலாம்தானே?" அவசரப்படாதீங்க :-)

இது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. நீரை விலக்கும் கலவைக்கான 40-ஆவது முயற்சி. பெயரின் அர்த்தமே அதுதான். முதலில் பயன்பட்டது அட்லஸ் ஏவுகணையின் வெளிப்பரப்பைத் துருவிலிருந்து காப்பாற்ற. செயினுக்காகப் பிறந்ததில்லை. கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். ரோலரும் ஸ்ப்ராக்கெட் பல்லும் அழுந்துகிற இடத்தில் அது ரொம்ப தூரம் தாங்காது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே இருந்த ஆயிலையும் அழுக்கோடு சேர்த்துக் கரைத்துவிடுகிறது. கண்ணுக்குப் பளபளப்பு, செயினுக்கு வறட்சி. அதே கம்பெனி பைக் செயினுக்கென்று தனியாக ஒரு லூப் விற்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: துடைக்கப் பயன்படுத்தலாம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. துணியில் அடித்துத் துடையுங்கள், காயவிடுங்கள். பிறகு 'ஓ-ரிங்குக்கு ஏற்றது' என்று போட்டிருக்கும் செயின் லூப், இல்லையென்றால் 80 அல்லது 90 கியர் ஆயில். செயினின் உட்பக்கத்தில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டயரிலும் டிஸ்க்கிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும்.

வளையத்துக்கு உண்மையான எதிரிகள் வேறு. பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, கார்புரேட்டர் கிளீனர், வாட்டர் சர்வீஸில் செயினுக்கு நேராக அடிக்கும் பிரஷர் தண்ணீர். இதையெல்லாம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்போம், ஸ்ப்ரே டப்பாவைக் கண்டால் மட்டும் சண்டை போடுவோம்!

இதைவிட முக்கியமான ஒன்று. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பவர்களை எங்கும் பார்க்கலாம். துணியைப் பல் இழுத்தால் விரலும் கூடவே போகும், கையை எடுக்க நேரம் இருக்காது. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ரெண்டு நிமிஷம் அதிகமாகும், அவ்வளவுதான். செயின் செட் போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். விரலை எந்தக் கடையில் வாங்குவது?