எர்ரரைப் படிச்சா மட்டும் புரிஞ்சுடுமா?

போன ஞாயித்துக்கிழமை மதியம், சாப்பிட்டுட்டுக் கண்ணசர்ற நேரத்துல சித்தி பொண்ணுகிட்டேருந்து போன். பன்னெண்டாவது படிக்கிறா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பொட்டி தட்டுற அண்ணன் ஒருத்தன் குடும்பத்துல இருந்தா இந்த மாதிரி போன் வரத்தான் செய்யும்.

"அண்ணா, பேஸ் டென்னை எப்படி மாத்தறது?"

எனக்கு ஒண்ணும் புரியல. ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பைத்தான்ல சின்ன புரோகிராம். உயரத்தை சென்டிமீட்டர்ல கேட்டு வாங்கி அடி, அங்குலமா மாத்திக் காட்டணும். 160ன்னு அடிச்சப்போ ஒழுங்கா ஓடியிருக்கு. அப்புறம் சித்தியோட உயரத்தை அடிச்சிருக்கா, 157.5. வந்து விழுந்தது பாருங்க: "இன்வேலிட் லிட்டரல் ஃபார் இன்ட்() வித் பேஸ் 10: '157.5'".

டியூஷன் சாரைக் கேட்டிருக்கா. "எர்ரர்லயே எழுதியிருக்கே, படிச்சுப் பாரு"ன்னுட்டார். பாவம், படிச்சிருக்கா. பேஸ் டென்னு பார்த்ததும் பதினொண்ணாவது புத்தகத்தை பரண்லேருந்து இறக்கி, எண் முறைகள் பாடத்தைத் திறந்து வெச்சு, இரும எண், பதின்ம எண்ணுன்னு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கா. நான் "இன்ட்டை எடுத்துட்டு ஃப்ளோட்னு போடும்மா"ன்னேன். பத்து செகண்ட்ல வேலை முடிஞ்சது. "அப்ப பேஸ் டென்?"னு கேட்டா. அதுக்கும் உன் தப்புக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொன்னப்போ எனக்கே கூச்சமா இருந்துச்சு.

மக்களே, இந்தப் பதிவு அந்த "படிச்சுப் பாரு"வுக்கு எதிரானது. நம்ம தொழில்ல சீனியர்னு சொல்லிக்கிற எல்லார் வாயிலயும் இந்த மந்திரம் இருக்கு. நானும் சொல்லியிருக்கேன். ஆனா அந்தச் செய்தியை அவ படிச்சதுதான் அவளை வழி தவற வெச்சது. படிக்காம விட்டிருந்தா ஒருவேளை புள்ளியை எடுத்துப் பார்த்திருப்பா!

வார்த்தை வார்த்தையா பாருங்க. லிட்டரல்ங்கறது புரோகிராம் எழுதறவன் கோடுக்குள்ள நேரடியா எழுதி வெக்கிற மதிப்பு. இங்கே வந்தது விசைப்பலகையில அடிச்சது. அப்ப முதல் வார்த்தையே பொருந்தல. பேஸ் 10? 157.5 சுத்தமான பத்தடிமான எண்தானே. நடந்தது ஒண்ணே ஒண்ணுதான்: முழு எண் கேட்ட இடத்துல தசமப் புள்ளி வந்துடுச்சு. அந்தப் புள்ளியைப் பத்தி மட்டும் செய்தியில பேச்சே இல்ல. ஒண்ணும் அடிக்காம வெறும் எண்டர் தட்டினாலும் இதே வசனம்தான், கடைசியில வெத்து மேற்கோள் குறியோட. வேடிக்கை என்னன்னா, தமிழ் எண்கள்ல ௧௫௭ன்னு அடிச்சுப் பாருங்க, பைத்தான் 3 சமர்த்தா 157னு எடுத்துக்கும். அவ்வளவு புத்திசாலிக்கு ஒரு புள்ளியைக் காட்டிச் சொல்லத் தெரியல.

இதுக்கு முன்னாடி பைத்தான் 2 காலத்துக் கூத்து இன்னும் மோசம். அதுல இன்புட்()னு எழுதினா, நாம அடிக்கிறதை எழுத்தா வாங்காது, ஒரு பைத்தான் கோவையா நினைச்சு இயக்கிப் பார்க்கும். எழுத்தா வாங்கணும்னா ரா_இன்புட்()னு எழுதணும். முதல் நாள் வந்த பையனுக்கு இது எங்கே தெரியும்? "உன் பேர் என்ன?"ன்னு கேக்கும். அவன் இங்கிலீஷ் எழுத்துல முத்துன்னு அடிப்பான். "நேம் 'முத்து' இஸ் நாட் டிஃபைண்ட்". ஏண்டா, எங்கப்பா வெச்ச பேரு டிஃபைன் ஆகலையா? பிறந்த மாசம் கேட்டு 07னு அடிச்சா ஒத்துக்கும். ஆகஸ்ட்ல பிறந்தவன் 08னு அடிச்சா "இன்வேலிட் டோக்கன்". முன்னாடி பூஜ்யம் இருந்தா அது எட்டடிமான எண்ணாம், அதுல 8ங்கற இலக்கமே கிடையாதாம். 2008 டிசம்பர்ல பைத்தான் 3.0 வந்தப்போ இந்தப் பழக்கத்தை ஒழிச்சாங்க. 2020 ஜனவரி 1ஓட பைத்தான் 2க்கே மங்களம் பாடியாச்சு. நல்லதாப் போச்சு.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம்னா நான் பதிவே போட்டிருக்க மாட்டேன். எங்க காலேஜ் சி லேப் ஞாபகம் வருது. அந்த நீலத் திரை கம்பைலர், பேர் வேற சொல்லணுமா? என் ரூம்மேட் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கணக்குல புலி. செமஸ்டர் பிராக்டிகல்ல அவனுக்கு வந்தது, மாணவர்களோட பேரையும் சராசரி மார்க்கையும் ஒரு ஸ்ட்ரக்சர்ல வாங்கி வரிசைப்படுத்தற புரோகிராம். எழுதினான். கம்பைல் ஆச்சு, ஒரு எர்ரர் இல்ல. ஓடவிட்டு நம்பர் அடிச்சான், பேர் அடிச்சான். சராசரி அடிச்சதும் "ஸ்கேன்எஃப்: ஃப்ளோட்டிங் பாயிண்ட் ஃபார்மட்ஸ் நாட் லிங்க்ட்"னு சொல்லி புரோகிராம் செத்துப் போச்சு.

"நாட் லிங்க்ட்"னு படிச்சதும் அவன் என்ன நினைச்சான் தெரியுமா? லிங்க்டு லிஸ்ட் போடணும்போலன்னு! ஒழுங்கா இருந்த புரோகிராமைக் கலைச்சு, பாயிண்டர் எல்லாம் போட்டு, நேரம் முடியறப்போ கையில ஒண்ணும் மிஞ்சல. வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர், "மெசேஜைக் கூட படிக்கத் தெரியாம எதுக்குப்பா எஞ்சினியரிங் வந்தே"ன்னார். எல்லார் முன்னாடியும்.

உண்மை என்னன்னா அவன் புரோகிராம்ல தப்பே இல்ல. மெமரி பஞ்ச காலத்துல எழுதின கம்பைலர் அது. தசம எண்ணைப் படிக்கிற பகுதி இடத்தை அடைக்கும்னு, புரோகிராம்ல ஃப்ளோட் புழங்கற மாதிரி தெரிஞ்சா மட்டும் அதைச் சேர்க்கும். ஸ்ட்ரக்சருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஃப்ளோட் சில சமயம் அதோட கண்ணுல படாது. கணிப்பு தப்பினது கம்பைலருக்கு, பழி அடிச்சவன் மேல. இதுக்கு வைத்தியம், யாருமே கூப்பிடாத ஒரு ஃபங்ஷன் எழுதி அதுல ஒரு ஃப்ளோட் பாயிண்டரைச் சும்மா தொட்டுட்டு வர்றது. எங்க லேப்ல சீனியர்கள் இதை மந்திரம் மாதிரி ஜூனியர்களுக்கு ஓதிட்டு வந்தாங்க. இவன் காதுல யாரும் ஓதல. ஜஸ்ட் பாஸ்ல தப்பிச்சான். இன்னிக்கு வேற துறையில நல்லாத்தான் இருக்கான். ஆனா "எனக்கு கோடிங் வராதுடா"ன்னு இன்னமும் சொல்லிட்டிருக்கான். எனக்குப் பத்தி எரியும்.

"மெஷினுக்கு நம்ம மனசு தெரியுமா? அதுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லும்"னு கிளம்பி வருவாங்க. சரிதான், தன்கிட்ட வந்த எழுத்து விசைப்பலகையிலேருந்து வந்ததா, ஃபைல்லேருந்து வந்ததான்னு இன்ட்()க்குத் தெரியாது. ஆனா அந்த எழுத்துக்குள்ள புள்ளி இருக்கறது தெரியுமா தெரியாதா? காலியா இருக்கறது தெரியுமா தெரியாதா? மனசைப் படிக்கச் சொல்லல, கையில இருக்கறதைச் சொல்லச் சொல்றேன்.

முடியாதுன்னும் சொல்ல முடியாது. உயரத்தை வாங்கற அதே வரியில கடைசி அடைப்புக்குறி ஒண்ணை விட்டுட்டா, பைத்தான் அடுத்த வரியைக் காட்டி "இன்வேலிட் சின்டாக்ஸ்"னு சொல்லிட்டிருந்துச்சு. ஒரு தப்பும் இல்லாத அடுத்த வரியை முறைச்சுப் பார்த்துட்டு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பாங்க! 2021 அக்டோபர்ல வந்த 3.10லதான் "இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை"ன்னு திறந்த இடத்தைக் காட்டிச் சொல்ல ஆரம்பிச்சது. பைத்தான் முதல்ல வெளியானது 1991ல. முப்பது வருஷம்! எல்ம் மொழிக்காரங்க 2015லயே மனுஷங்களுக்குப் புரியற எர்ரர்னு தனியா மெனக்கெட்டாங்க, அதைப் பார்த்து ரஸ்ட் 2016ல தன்னோடதை மாத்திக்கிச்சு. செய்யணும்னு நினைச்சவங்க செஞ்சிருக்காங்க. "நாங்கல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்"ங்கறது, ராகிங்குக்குச் சொல்ற அதே நியாயம்.

இவ்வளவு பேசிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி என் கோடைத் திறந்து பார்த்தேன். மூணு வருஷம் முன்னாடி நான் எழுதின ஃபார்ம். போன் நம்பருக்கு நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டாலோ, முன்னாடி +91 போட்டாலோ சிவப்புல "தவறான உள்ளீடு"ன்னு வரும். என்ன தவறு, எந்தப் பெட்டியில, ஒரு மண்ணும் கிடையாது. அவ்வ்வ்வ்...

திங்கட்கிழமை முதல் ஆணியா அதைப் புடுங்கினேன். "போன் நம்பர்ல இலக்கங்கள் மட்டும் இருக்கணும், இடைவெளியை எடுத்துடுங்க"ன்னு எழுதிட்டு லீட்கிட்ட ரிவ்யூவுக்கு அனுப்பினேன்.

"இதுக்கு டிக்கெட் நம்பர் என்ன?"ன்னு கேட்டிருக்கார்.