சோதனை காலவிரயமல்ல

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் என்று தெரிந்ததும், "இன்னும் என்ன டெஸ்ட்? நாளைக்கே கீமோவை ஆரம்பியுங்கள்" என்று மருத்துவரை நெருக்குவது உறவினர்களின் வழக்கம். வேகமே வைத்தியம் என்னும் இந்த நம்பிக்கை பாசத்தில் பிறந்ததுதான், ஆனாலும் தவறு. ஒரே உறுப்பில் முளைத்தாலும் எல்லாக் கட்டிகளும் ஒரே நோயல்ல. மருத்துவ உலகமே இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. செடுக்ஸிமாப் என்னும் இலக்கு மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது கேராஸ் மரபணுவைச் சோதிக்கும் வழக்கமில்லை. அந்த மரபணு மாறியுள்ள கட்டிகளில் இம்மருந்து பயனற்றது என்று 2008இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நோய் பரவியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு கேராஸ் அல்லது என்ராஸ் மாற்றம் உண்டு. பார்க்காமல் கொடுத்தால் அவர்களுக்கு மிஞ்சுவது முகக் கொப்புளங்களும் கடனும்தான்.

தவறான மருந்தைத் தவிர்ப்பது பாதி நன்மையே. சரியான மருந்தைக் கண்டடைவது மறுபாதி. மரபணுப் பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் குறைந்த கட்டிகள், பரவிய நோயில் சுமார் 5 விழுக்காடு. இத்தகைய கட்டி உள்ளவர்களுக்கு முதல் சிகிச்சையாகப் பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்தபோது நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 16.5 மாதம், கீமோவில் 8.2 மாதம். இதே வகை மலக்குடல் கட்டி கொண்ட 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுத்ததில், அனைவருக்கும் கட்டி மறைந்ததாக 2022இல் நியூயார்க் மருத்துவர்கள் அறிவித்தனர். சிறிய ஆய்வுதான். ஆனால் அவசரப்பட்டு அறுவை செய்திருந்தால் அந்த வாய்ப்பே இவர்களுக்கு இருந்திருக்காது.

நாள் வீணாகாதா என்பார்கள். எம்.எம்.ஆர். சோதனைக்கு பயாப்ஸியில் எடுத்த திசுவே போதும். சில நாட்களில் முடிவு வந்துவிடும். குடல் அடைத்துக்கொண்டால் அறுவை காத்திருக்கக் கூடாது என்பது உண்மையே; ஆனால் அது விதிவிலக்கு. ராஸ் (கேராஸ், என்ராஸ்) சோதனை முடிவு தாமதமானால் கீமோவைத் தொடங்கிவிட்டு, இலக்கு மருந்தைப் பிறகு சேர்க்கவும் முடியும். செலவு என்பார்கள். சோதனைக்கு ஒருமுறைதான் செலவு. பயன்படாத மருந்துக்கோ வாரந்தோறும் செலவு. அதோடு, எம்.எம்.ஆர். குறைபாடு பரம்பரையான லிஞ்ச் நோய்க்குறியின் தடயமாகவும் இருக்கலாம்; அப்போது உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் முன்கூட்டியே கண்காணிக்க முடியும்.

ஆகவே மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள், கேள்வி கேளுங்கள். எம்.எம்.ஆர். பார்த்தாயிற்றா? நோய் பரவியிருந்தால் ராஸ், பிராஃப் மரபணுக்களைப் பார்த்தாயிற்றா? இதற்கு விடை கிடைக்கும்முன் முழுச் சிகிச்சைத் திட்டத்தையும் முடிவு செய்யச் சம்மதிக்காதீர்கள்.